ஓய்வுக்குக் கூலி உண்டா?

ஜூன் 21 நெருங்கும்போதெல்லாம் ஒன்றிய அரசின் ஆயுஷ் அமைச்சகம் பரபரப்படைகிறது. 2014 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை அந்நாளைப் பன்னாட்டு யோகா நாளாக அறிவித்தது. 2015 முதல், அன்று ராஜபாதை எனப்பட்ட தலைநகர வீதியிலிருந்து பள்ளி மைதானங்கள் வரை பாய்கள் விரிக்கப்படுகின்றன. கருவுற்ற பெண்களுக்கும் பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் அப்பாய்களில் இப்போது தனியிடம் உண்டு. பேறுகாலத்துக்கென்று ஆசனங்கள், பேற்றுக்குப் பின் உடல் தேறுவதற்கென்று மூச்சுப் பயிற்சிகள் என ஏடுகள் அச்சிடப்படுகின்றன. பெருநகரத் தனியார் மருத்துவமனைகளிலோ இது கட்டணம் செலுத்திப் பெறும் சரக்காகவே ஆகிவிட்டது.

இப்பயிற்சியை இடதுசாரிகள் எள்ளி நகையாடத் தேவையில்லை. யோகா என்ற சொல்லைக் கேட்டவுடனேயே முகம் சுளிக்கும் தோழர்கள் நம்மிடையே உண்டு, அது பிழை. கருவுற்ற காலத்தில் முறையான உடற்பயிற்சி முதுகுவலியையும் இடுப்பு வலியையும் தடுக்க உதவும் என்று உலக சுகாதார அமைப்பு 2016இல் வெளியிட்ட பேறுகால வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. குருதிப்போக்கோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத நிலையில், மருத்துவரின் அறிவுரையுடன், பயிற்சி பெற்றவரின் கண்காணிப்பில் செய்யப்படும் எளிய ஆசனங்களும் உடற்பயிற்சியே. மூச்சைச் சீராக்கிச் சற்று நேரம் அமைதியாக அமர்ந்திருப்பதில் தீங்கொன்றும் இல்லை. அந்தச் சற்று நேரம் யாருக்கு வாய்க்கிறது என்பதே கேள்வி.

மராட்டியத்தின் பீட் மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் இலட்சக்கணக்கானோர் கரும்பு வெட்டப் புறப்படுகின்றனர். அங்கே ஒப்பந்தக்காரர் ஆள்கணக்குப் பார்ப்பதில்லை. 'கோய்தா' கணக்குப் பார்க்கிறார். கோய்தா என்பது கரும்பு வெட்டும் அரிவாளின் பெயர். கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒரு கோய்தா. முன்பணம் இருவருக்கும் சேர்த்தே தரப்படுகிறது. ஒருவர் ஒரு நாள் வராவிட்டால் கூலி போவதுடன் தண்டமும் கணக்கில் ஏறுகிறது. நிறைசூலியும் கரும்புக் கட்டைத் தலையில் சுமந்து லாரியில் ஏற்றுகிறாள். வயலோரக் குடிசையில் பிள்ளை பெற்றுச் சில நாட்களிலேயே மீண்டும் வெட்டப் போகிறாள். விடியுமுன் தொடங்கிக் குனிந்தும் நிமிர்ந்தும் உழைக்கும் அவளுக்கு உடற்பயிற்சி போதவில்லை என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். செங்கற்சூளையில், கட்டடப் பணியிடத்தில், பிறர் வீட்டுச் சமையலறையில் உழைக்கும் பெண்ணின் நிலையும் இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை.

சட்டம் இவளைப் பார்க்கவில்லையா? 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, முதல் இரு பேறுகளுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு 26 வாரங்களாக உயர்ந்தது. வரவேற்கத்தக்க முன்னேற்றம். ஆனால் அது ஆலை, சுரங்கம், தோட்டம், பத்துப் பேருக்குக் குறையாத கடை, நிறுவனம் ஆகியவற்றுக்கே பொருந்தும். அங்கும் முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 80 நாட்கள் ஒரே முதலாளியிடம் வேலை செய்ததாக மெய்ப்பிக்க வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இந்த வேலியை அப்படியே வைத்திருக்கிறது. உழைக்கும் பெண்களில் மிகப் பெரும்பான்மையோர் வேலிக்கு வெளியே நிற்கின்றனர்.

வெளியே நிற்பவர்களுக்காக வந்ததுதான் 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம். அரசு, பொதுத்துறை ஊழியர் போன்று ஏற்கெனவே பேறுகாலப் பயன் பெறுவோர் நீங்கலாக, கருவுற்ற பெண், பாலூட்டும் தாய் ஒவ்வொருவருக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத உதவித்தொகை உரிமை என்கிறது அதன் 4ஆம் பிரிவு. கருவுற்ற காலத்திலும் பேற்றுக்குப் பின் ஆறு மாதமும் அங்கன்வாடியில் விலையில்லா உணவும் உரிமை. மோடி அரசோ தாமதித்து, 2017இல் பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டத்தைக் கொணர்ந்து, தொகையை 5,000 ஆக வெட்டி, முதல் குழந்தைக்கு மட்டும் என்று வரம்பிட்டது. ஜனனி சுரக்ஷா திட்டத்தின் தொகையையும் கூட்டினால் சராசரியாக 6,000 ஆகிவிடும் என்பது அதன் கணக்கு. 2022இல் இரண்டாம் குழந்தை பெண்ணாக இருந்தால் 6,000 என்று நீட்டித்தார்கள். இரண்டாவது ஆணாகப் பிறந்தால் தாய்க்கு உடல் நோகாது போலும்!

இத்தொகையை ஓய்வாக மாற்றிப் பார்ப்போம். ஒன்றிய அரசு 2017இல் நிர்ணயித்த தேசிய அடிமட்டக் கூலி நாளொன்றுக்கு 176 ரூபாய். பட்டினிக் கூலி என்றே சொல்லத்தக்க தொகை அது. அந்தக் கூலியில் கணக்கிட்டாலும் 5,000 ரூபாய் என்பது 28 நாள் ஊதியம். வேலிக்கு உள்ளே 182 நாள். வெளியே 28 நாள், அதுவும் ஆதாரும் வங்கிக் கணக்கும் பொருந்தி, தவணை தவறாமல் வந்துசேர்ந்தால். கைவிட்ட உரிமையை மாநிலங்கள் சில தம் போக்கில் ஈடுசெய்ய முயன்றுள்ளன. ஒடிசா 2011லேயே முதல் இரு பேறுகளுக்கும் உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டம் பணமும் பொருளுமாக 18,000 ரூபாய் தருகிறது. ஒன்றிய அரசின் படிவங்களிலோ இப்பெண்ணின் பெயர் 'லாபார்த்தி'. தமிழில் 'பயனாளி' என்று பெயர்க்கிறோம். மூலச் சொல்லில் லாபத்தை நாடி வருபவர் என்ற பொருளும் ஒளிந்திருக்கிறது. உரிமையாளர் என்று சட்டம் சொன்னதை எழுத அவர்களுக்கு எழுதுகோல் வரவில்லை.

ஓய்வுக்கு அடுத்தது உணவு. தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2015-16இல் கருவுற்ற பெண்களில் 50.4 விழுக்காட்டினர் இரத்தசோகையுற்றிருந்தனர். 2019-21இல் அது 52.2 ஆக உயர்ந்தது. கருவுற்ற காலத்தில் 180 நாட்கள் இரும்புச்சத்து மாத்திரை உட்கொண்டோர் 26 விழுக்காட்டினர் மட்டுமே. இந்நாட்டில்தான் 2017 ஜூனில் ஆயுஷ் அமைச்சகம், யோகா வழியிலான தாய்சேய் நலம் பற்றிய ஏடொன்றைப் பரப்பியது. இறைச்சியையும் முட்டையையும் விலக்குக, இச்சையைத் துறக்குக, தீயோர் உறவைத் தவிர்க்குக, படுக்கையறையில் அழகிய படங்களை மாட்டுக என்று அது அறிவுரைத்தது. படம் மாட்டச் சுவர் இல்லாத வீடுகளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அதற்கு ஈராண்டுகளுக்கு முன், மத்தியப் பிரதேச பா.ஜ.க. முதலமைச்சர் அங்கன்வாடிகளில் முட்டை வழங்கும் முன்மொழிவை நிராகரித்திருந்தார். பழங்குடி மக்கள் பெருவாரியாக வாழும் மாநிலம் அது. முட்டை அவர்களின் வழக்கமான உணவு. எளிதில் கெடாத, கலப்படம் செய்யவியலாத முழுப் புரதத்தை அவர்கள் தட்டிலிருந்து எடுத்தது மருத்துவம் அன்று, சாதியின் சமையற்கட்டு.

2023 ஜூனில் ராஷ்டிர சேவிகா சமிதியின் சார்பு அமைப்பான சம்வர்த்தினி நியாஸ் 'கர்ப்ப சம்ஸ்காரம்' என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, பாய் எங்கு இட்டுச் செல்கிறது என்பது இன்னும் தெளிவாயிற்று. தொடக்க விழாவில் பங்கேற்ற அன்றைய தெலங்கானா ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன், தாமே மகப்பேறு மருத்துவராக இருந்தும், கருவுற்ற பெண்கள் சுந்தர காண்டம் ஓதவேண்டும் என்று பரிந்துரைத்தார். விரும்பும் பெண் விரும்பும் நூலை வாசிக்கட்டும். அது அவள் உரிமை. ஆனால் கருவிலேயே பண்பட்ட பிள்ளையை உருவாக்குவது தாயின் கடமை என்றாகிவிட்டால், எடை குறைந்து பிறந்த குழந்தைக்கும் அவளே குற்றவாளி. அரசு தப்பித்துவிடுகிறது.

மனநலம் பற்றி நாமும் போதிய அளவு பேசவில்லை. உலக சுகாதார அமைப்பின் இதழ் 2017இல் வெளியிட்ட மதிப்பீடு, 38 இந்திய ஆய்வுகளைத் தொகுத்து, பிள்ளை பெற்ற தாய்மாரில் 22 விழுக்காட்டினர் மனச்சோர்வுக்கு ஆளாகின்றனர் என்று கண்டது. ஏறத்தாழ ஐவரில் ஒருவர். அவளை முதலில் அடையாளம் காணக்கூடியவர் யார்? பெரும்பாலான ஊர்களில் ஆஷா பணியாளர் ஒருவரே. மருத்துவமனையில் பிள்ளை பெற்றுத் திரும்பும் தாயை 42 நாட்களுக்குள் ஆறு முறை அவர் வீடு தேடிச் சென்று காணவேண்டும். 2011இல் இப்பணி வகுக்கப்பட்டபோது ஆறு வருகைக்கும் சேர்த்து நிர்ணயித்த ஊக்கத்தொகை 250 ரூபாய். ஒரு வருகைக்கு 42 ரூபாய்கூட இல்லை. குழந்தையை எடைபோட்டு, வெப்பம் பார்த்து, படிவம் நிரப்பி, அதன்பின் தாயின் அருகமர்ந்து 'தூங்குகிறாயா, அழுகிறாயா' என்று கேட்க அவருக்கு எங்கே நேரம்? திட்டப் பணியாளர்களைத் தொழிலாளராக ஏற்கவேண்டும் என்று 2013இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அப்பரிந்துரை இன்னும் கோப்பில் உறங்குகிறது.

நம் பக்கமும் குறை உண்டு. பேறுகாலப் பிரச்சினை என்றால் மாதர் அமைப்பு பார்த்துக்கொள்ளும் என்று கிளைக்கூட்டங்கள் அடுத்த பொருளுக்கு நகர்ந்துவிடுகின்றன. புலம்பெயர்ந்த தொழிலாளரிடையே பணியாற்றும் கிளைகளில்கூட, அப்பகுதியில் எத்தனை பெண்கள் கருவுற்றிருக்கிறார்கள் என்ற விவரம் கிடைப்பதில்லை. மும்பையிலும் தில்லியிலும் சூரத்திலும் தமிழ் பேசும் தோழர்கள் பலர் பிறமொழித் தொழிலாளரோடு ஒரே குடியிருப்பில் வாழ்கின்றனர். சொந்த ஊர் முகவரியில் ஆதார் இருப்பதைக் காரணங்காட்டி அங்கன்வாடியில் பெயர் எழுத மறுக்கப்படும் பெண்ணுடன் சென்று, பெயரை எழுதச் செய்வது ஒரு தோழர் அரை நாளில் செய்யக்கூடிய வேலை.

ஜூன் 21க்கு முந்தைய வாரத்தில் ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் கருவுற்றோர், ஆறு மாதத்துக்குள் பிள்ளை பெற்றோர் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். முதல் தவணை வந்ததா, இரண்டாவது எங்கே நிற்கிறது, அங்கன்வாடி உணவு என்ன, ஆஷா பணியாளருக்கு நிலுவை எத்தனை மாதம் என்ற நான்கு கேள்விகள் போதும். விடைகளைத் தொகுத்து மாவட்ட ஆட்சியரிடம் நேரில் அளிப்போம். பேறுகால உதவி எல்லாப் பேறுகளுக்கும், குறைந்தபட்சக் கூலியின் அடிப்படையில், 26 வாரங்களுக்கு; அங்கன்வாடியில் நாள்தோறும் முட்டை; ஆஷா, அங்கன்வாடி ஊழியருக்குத் தொழிலாளர் தகுதி; ஆரம்ப சுகாதார நிலையத்தில் தாய்மாருக்கு மனநல ஆலோசகர். விரும்பும் பெண்களுக்குத் தகுதியுள்ள பயிற்சியாளரின் யோகா வகுப்பும் அப்பட்டியலில் இடம்பெறட்டும், கட்டணமின்றி, வேலை நேரத்திற்குள், கூலி பிடித்தமின்றி.