கூட்டம் கோயிலைக் காக்காது, எழுத்துதான் காக்கும்

 

"தேக்கா கோயில்களுக்கு டூரிஸ்ட் அவ்ளோ பேர் வர்றாங்க, அரசாங்கம் கை வைக்காது"ன்னு சிலர் பேசுறாங்க. தப்பான நம்பிக்கைங்க.

ஆர்ச்சர்ட் ரோடு சிவன் கோயிலை நினைச்சுப் பாருங்க. டூரிஸ்ட் வராத இடமா அது? எம்ஆர்டி வேலைக்காக 1983ல சிராங்கூன் ரோட்டுக்குத் தற்காலிகமா மாறுச்சு. 1993லதான் கேலாங் ஈஸ்ட்ல நிரந்தர இடம்.

காப்பாத்துறது அரசிதழ்ல வர்ற எழுத்து. மாரியம்மன் கோயில் 1973ல, பெருமாள் கோயில் 1978ல தேசிய நினைவுச் சின்னம் ஆச்சு. லிட்டில் இந்தியாவை 1989ல பாதுகாப்பு வட்டாரமா அறிவிச்சாங்க. ஆனா அந்தச் சட்டம் காக்குறது கட்டடத்தை. பூக்கடைக்காரர் வாடகையை அது குறைக்காது. பூக்கடை போய் சாவிக்கொத்து விக்கிற கடை வந்தா, கோபுரம் போட்டோவுக்குத்தான் நிக்கும்.

நம்ம ஜூரோங் ஏரி வட்டாரத்துக்கும் சுற்றுலாத் திட்டத்தை 2019லயே அறிவிச்சாச்சு. வரட்டும், நாலு பேருக்கு வேலை கிடைக்கும். ஆனா ஒரு பேட்டையில புதுசா வழிபாட்டு நிலம் எடுத்தா 30 வருஷக் குத்தகைதான். அதுக்கப்புறம்? நாமதான் இப்பவே கேட்கணும்.

பெருந்திட்டத்தை 5 வருஷத்துக்கு ஒருமுறை மறுஆய்வு செய்றாங்க. நகலை மக்கள் பார்வைக்கு வச்சு கருத்தும் கேட்கிறாங்க. அன்னதான வரிசையில புலம்புறது அந்தக் கோப்புல ஏறாது. கோயிலுக்கு நடந்து வர்ற வழி, பூக்கடை, வயசானவங்க இறங்குற இடம், எல்லாத்தையும் எழுதிக் கொடுங்க. உங்க பிள்ளைங்களையும் எழுதச் சொல்லுங்க.

கும்பிடுறவங்க பேசலைன்னா, படம் எடுக்கிறவங்களுக்காகத்தான் திட்டம் போடுவாங்க.