ஸ்கானுக்கு முன் சொல்ல வேண்டியது



உங்கள் உடலில் ஷெல் துண்டோ சன்னமோ இருக்கிறதா? எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு எழுதித் தரும்போதே அதை வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். அந்த இயந்திரம் பலமான காந்தம். உள்ளே இருக்கும் இரும்புத் துண்டை அது அசைக்கக்கூடும். கண், மூளை, முள்ளந்தண்டுக்குக் கிட்ட இருந்தால் ஆபத்து அதிகம். சொன்னால், முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். தேவையென்றால் காந்தம் இல்லாத சி.ரி. ஸ்கானை யோசிப்பார்கள்.

"எங்கே, எப்படிப் பட்டது என்று கேட்பார்களோ" எனப் பயந்து காயத்தை மறைக்காதீர்கள். ஸ்கான் அறையில் கேட்பது விசாரணையல்ல. உங்கள் பாதுகாப்புக்காகவே கேட்கிறார்கள். காயப்பட்ட கதையைச் சொல்லத் தேவையில்லை. "இந்த இடத்தில் துண்டு இருக்கிறது" என்றால் போதும்.

பழைய எக்ஸ்ரே படமும் கிளினிக் கொப்பியும் இருந்தால் கொண்டு போங்கள். தாலிக்கொடி, தோடு, சட்டை ஊசி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றிக் கூட வருபவரிடம் கொடுங்கள். எந்த ஸ்கான் என்றாலும், பிள்ளை தங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.