கருவாடும் கதிரவனும்

தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்குக் கருவாட்டுக் குழம்பின் அருமை தெரியும். அந்தக் கருவாட்டுக்காக மீனவர் படும் பாடு தெரியுமா, நேயர்களே?

நம் கெடாவின் கோத்தா கோலமூடாவில் மீனைக் கூவி ஏலம் விடுவதில்லை. வாங்குபவர் விலையை மீனவரின் காதோடு சொல்வார். அதனால்தான் அதற்குப் 'பாசார் பிசிக்' என்று பெயர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அடிபட்டு எழுந்த ஊர் அது.

எந்தக் கரையிலும் சிறு மீனவரின் தொல்லை ஒன்றுதான். மீன் அன்றே விற்காவிட்டால் கெட்டுவிடும். ஆகவே கேட்ட விலைக்குத் தலையாட்ட வேண்டியதுதான். கருவாடாக்கலாம் என்று வெயிலில் பரப்பினாலோ மழையும் ஈயும் புழுதியும் கெடுத்துவிடும்.

கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. மூடிய அறைக்குள் சூரிய வெப்பத்தால் காற்றைச் சூடாக்கி மீனை உலர்த்தும் சாதனம் அது. மழை நாளில் எரிவாயுவோ மின்சாரமோ கைகொடுக்கும்.

நமது புக்கிட் செலம்பாவில் 30 மெகாவாட் சூரிய மின்நிலையமே இருக்கிறது. அதே வெயில் மீனவர் கரையிலும் ஓர் உலர்த்தியைச் சூடாக்கட்டுமே! கெடாத சரக்கு கையிலிருந்தால், காதில் விழும் விலை கட்டாதபோது 'முடியாது' என்று சொல்லத் தைரியம் தானே வரும்.