ஸ்டிக்கர் டிசைன் போடாது

‘ஐ7 என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.’ புடவை டிசைன் கற்கும் பிள்ளைக்குப் பழைய லேப்டாப் தேடும் காஞ்சிபுரத்து வீடுகளில் இது வேதவாக்காகிவிட்டது. தறிக்கூலியில் மிச்சம் பிடித்த பணம், சீட்டு எடுத்த பணம் எல்லாம் இந்த ஒற்றைப் பேச்சை நம்பிக் கைமாறுகிறது. ஏமாளிகளை உண்டாக்கும் பேச்சு இது.

ஐ7 என்பது 2008 முதல் இன்டெல் தலைமுறை தலைமுறையாக ஒட்டிவந்த பெயர். 2016-ல் வந்த ஐ7-7500யு சிப்பில் இருப்பது இரண்டே கோர். மறு ஆண்டு வந்த ஐ5-8250யு-வில் நான்கு. ‘ஐ5தானே’ என்று நாம் ஒதுக்குவது இந்த இரண்டாவதைத்தான். மேலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் சிப்களின் பட்டியலில் அந்த 7500யு இல்லை, 8250யு இருக்கிறது. ஐ7-ஐ விட்டு, அதற்குப் பின்னால் உள்ள எண்ணைப் படியுங்கள்.

‘நாலு ஜிபி கிராபிக்ஸ்’ என்று சொல்லி விற்பது இன்னொரு கொடுமை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஜிபியு பக்கத்தைப் பாருங்கள். ‘ஷேர்டு’ என்ற வரியில் மட்டும் 4 ஜிபி காட்டினால், அது தனி கிராபிக்ஸ் கார்டு அல்ல. இருக்கிற 8 ஜிபி ராமில் பாதிவரை கடன் வாங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கு.

வாங்குவதற்கு முன் என்ன வேலை என்று கேட்பவர் யார்? 480 ஹூக் ஜக்கார்டுக்கு 2,000 ஊடை ஓடும் டிசைன் என்றால், கிராஃபில் 9,60,000 கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு பிக்சல். ஃபைல் ஒரு எம்பிகூட வராது. அட்டை அடிக்கக் கிராஃப் போடுவது மட்டுமே வேலையென்றால், எஸ்எஸ்டி போட்ட ஐ3 போதும். அதற்குப் போய் ஐ7 விலை கொடுப்பது வீண்.

ஆனால் வாடிக்கையாளருக்குக் காட்ட உடல், பார்டர், முந்தி, புட்டா என முழுப் புடவையையும் ஃபோட்டோஷாப்பில் விரித்தால் கதையே வேறு. ஐந்தரை மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், அங்குலத்துக்கு 150 பிக்சல்: நீளவாக்கில் மட்டும் 32,000-க்கு மேல். சாதாரண பிஎஸ்டி ஃபைல் 30,000-க்கு மேல் தாங்காது; பிஎஸ்பி-யாகத்தான் சேமிக்க வேண்டும். முழுதாக நிரம்பிய ஒரு லேயர் ஏறக்குறைய 690 எம்பி. ஐந்து லேயர் போட்டால் 8 ஜிபி ராம் திணறி டிஸ்க்கைத் தேடி ஓடும். அப்போது ஐ7 ஸ்டிக்கர் என்ன செய்யும்? இந்த வேலைக்கு 16 ஜிபி ராம்தான் முதல் கேள்வி, சிப் அதற்குப் பிறகு.

ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்று சோதித்துப் பார்த்து விலை பேசும் ஊர் இது. கணினிக்கு மட்டும் ஏன் வாய்ச்சொல்?

பிள்ளை போட்ட ஆகப் பெரிய ஃபைலைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். அந்த மென்பொருளிலேயே திறந்து, லேயர் நகர்த்தி, சேமித்து, அரைமணி நேரம் ஓட்டுங்கள். டாஸ்க் மேனேஜரில் சிப்பின் வேகம் போகப்போகச் சரிந்து, அடிப்பாகம் கொதித்தால், உள்ளே சிப்பின் மேல் பூசிய பேஸ்ட் காய்ந்திருக்கலாம், ஃபேனில் தூசி அடைத்திருக்கலாம். பேட்டரி தாங்குகிறதா என்று பார்க்க, ஒரு முறை சார்ஜரைக் கழற்றிவிட்டும் ஓட்டுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைச் சொல்லும்.

திரையை எல்லோரும் மறக்கிறார்கள். எனக்கு அதுதான் ஆற்றாமை. சாயம் போட்ட அரக்கு, மயில் கழுத்து நூல்களைக் கையோடு எடுத்துப்போய்த் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையை லேசாகச் சாய்த்தாலே அரக்கு வெளிறினால், அது மலிவான டிஎன் திரை. அதை நம்பிச் சொன்ன நிறத்தில் சாயம் ஏற்றி, பாவு பிணைத்து, நெய்து முடித்த பின் ‘நான் கேட்ட நிறம் இதுவா’ என்று வாடிக்கையாளர் நின்றால், அந்தப் பட்டின் நட்டம் நெசவாளியின் தலையில்தான் விடியும்.

அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்க விடாத கடையில், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும், முன்பணம் தராமல் எழுந்து வாருங்கள்.