பிறர் வீட்டுத் திண்ணை

சென்ற மாதம் எமக்கு வந்த மடல்களுள் ஒன்று பெயரின்றி வந்தது. "சாமி அவர்கள் உல்லாசக் கப்பலில் உலாப் போய் வந்ததாகக் கேள்விப்பட்டோம். வறியோர் நிறைந்த ஒரு பங்கின் குருவுக்கு இது தகுமோ?" என்று இரண்டே வரிகள். கையெழுத்து மிக அழகாக இருந்தது. பெயரில்லா மடலுக்கு மறுமொழி எழுதுவது எம் வழக்கமன்று. ஆயினும் அம்மடல் வருமுன்பே இக்கேள்வி எம் உள்ளத்தை உறுத்திக்கொண்டிருந்தது. ஆகவே நடந்ததை நடந்தவாறே எழுதுகிறோம். தகுமா, தகாதா என்பதை வாசக அன்பர்கள் எண்ணிக்கொள்ளட்டும்.

கனடா நாட்டு வான்கூவர் நகரில் பணிபுரியும் எம் தங்கை மகன், 2024 ஆம் ஆண்டு ஜூலை மாதம் தன் தாயையும் எம்மையும் அங்கே அழைத்திருந்தான். அங்கிருந்து கப்பல் வழியாக அலாஸ்காவுக்கும், பின்னர் இரயிலில் அந்நாட்டின் உட்பகுதிக்கும் கூட்டிச் செல்ல ஏற்பாடு செய்திருந்தான். செலவு முழுவதும் அவனுடையது. பங்குப் பணத்தில் ஒரு காசும் இல்லை. இதைச் சொன்னவுடன் கேள்வி தீர்ந்துவிடும் என்றுதான் நாமும் முதலில் எண்ணினோம். தீரவில்லை. எம் தங்கையோ, "அண்ணா, இந்தப் பணத்துக்கு ஊரிலே ஒரு வீட்டுக்குக் கூரை போட்டுவிடலாமே" என்று கப்பல் ஏறும்வரை புலம்பினாள். "அம்மா, அப்பாவுக்குத்தான் எதையும் காட்ட முடியாமற் போய்விட்டது" என்ற ஒரே சொல்லால் மகன் அவள் வாயை அடைத்துவிட்டான். அவள் கைம்பெண், முழங்கால் நோயும் உடையவள்.

ஏறத்தாழ இரண்டாயிரம் பயணிகள் செல்லும் கப்பல் அது. கரைக்கும் எண்ணற்ற தீவுகளுக்கும் இடையே உள்வழியாகச் செல்வதால் பெருங்கடலின் அலை அங்கு அதிகம் எட்டுவதில்லை. இருமருங்கும் கருமை படர்ந்த ஊசியிலைக் காடுகள், அவற்றின்மேல் மேகம், மேகத்தின்மேல் பனி. உணவைப் பற்றி எழுத மாட்டோம். எழுதினால் மடல் எழுதிய அன்பர் மீண்டும் எழுதுவார்.

அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து செல்லச் சாலையே இல்லை. கடல் வழியாக வரவேண்டும்; அன்றேல் வான் வழியாக வரவேண்டும். ஆயினும் கோடையில் வந்து குவியும் கூட்டத்தைத் தாங்கமாட்டாமல், நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல்களுக்குமேல் வேண்டா என்று அவ்வூரார் கப்பல் நிறுவனங்களோடு உடன்பாடு செய்துகொண்டனர். அது நடைமுறைக்கு வந்த ஆண்டில்தான் நாம் சென்றோம். அங்கு இறங்கி நடந்தபோது, கடைவாயிலில் நின்ற முதியவர் ஒருவர் எம்மைப் பார்த்த பார்வை வெறுப்பும் அன்று, வரவேற்பும் அன்று. திருவிழா நாளில் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் வெளியூர்க் கூட்டத்தைப் பார்க்கும் நம்மூர்க்காரரின் பார்வை அது.

ஸ்காக்வே என்னும் சிறு துறைமுகத்திலிருந்து மலையேறும் இரயில் ஒன்று உண்டு. தண்டவாளங்களின் இடைவெளி மூன்றே அடி. 32 கிலோமீட்டர் தூரத்துக்குள் கடல் மட்டத்திலிருந்து 873 மீட்டர் உயரத்திலுள்ள ஒயிட் பாஸ் கணவாய்க்கு ஏறிவிடுகிறது. 1898 இல் தொடங்கி 1900 இல் முடித்த பாதை இது. கனடாப் பகுதியிலுள்ள குளோண்டைக் ஆற்றுப்புறத்தில் 1896 இல் பொன் கிடைத்த செய்தி பரவியதும், ஏறத்தாழ ஓரிலட்சம் பேர் வீடு வாசலை விட்டுப் புறப்பட்டனராம். ஓராண்டுக்கு வேண்டிய உணவும் பொருளும் இல்லாதவரை எல்லையில் கனடாக் காவலர் விடவில்லை. ஏறத்தாழ ஒரு டன் சுமை! அதைச் சுமந்து அக்கணவாயில் மடிந்த குதிரைகள் மட்டும் மூவாயிரம் என்பர். இரயிலின் சன்னல் வழியே அப்பள்ளத்தைக் காட்டினார்கள். அதற்கு இன்றும் செத்த குதிரைகளின் பள்ளம் என்றே பெயர். பெட்டியிலிருந்தோர் அனைவரும் எழுந்து படம் பிடித்தனர், நாமும் பிடித்தோம்.

அப்பொன் வேட்டைக் கூட்டத்தினிடையே வேறொரு காரணத்துக்காகச் சென்ற ஒருவரும் இருந்தார். அவர் சேசு சபைக் குரு வில்லியம் ஜட்ஜ். பால்டிமோர் நகரில் பிறந்து, 1890 இல் அலாஸ்காவுக்கு வந்தவர். பொன் தேடுவோர் டாசன் என்னும் புது ஊரில் கூடுகின்றனர் என்று அறிந்ததும், நோயும் அங்கே கூடும் என்பதை உணர்ந்து, 1897 இல் மருந்துகளைச் சறுக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு அங்குப் போய்ச் சேர்ந்தார். மருத்துவமனையும் கோவிலும் கட்டினார். 1898 இல் கோவில் எரிந்து போயிற்று. செபித்துக்கொண்டிருந்தவரை நோயாளி ஒருவருக்காக அழைக்க, எரியும் மெழுகுதிரியை மறந்து எழுந்து சென்றிருக்கிறார்! மீண்டும் கட்டினார். அவ்வாண்டு டைபாய்டு காய்ச்சல் ஊரையே படுக்கையில் தள்ளியது. 1899 சனவரி 16 ஆம் நாள் நிமோனியாவால் அவர் இறந்தபோது வயது 48. யாம் குருமடத்தில் படித்த காலத்தில் இவர் பெயரைக் கேட்டதேயில்லை. ஐம்பதைக் கடந்த பின்னர், அதுவும் உல்லாசப் பயணத்தில், அறிந்துகொண்டோம்.

அடுத்த நாள் கிளேசியர் பே விரிகுடா. இதைக் காணவே பெரும்பாலோர் வருகின்றனர். நாளொன்றுக்கு இரண்டு பெருங்கப்பல்களுக்குமேல் அங்கு விடுவதில்லை. விடியற்காலையில் சிறு படகொன்றில் பூங்காக் காவலர்கள் வந்து ஏணி வழியாகக் கப்பலில் ஏறினர். அவர்களோடு, அந்நிலத்தின் பழங்குடியினரான ஹூனா திலிங்கித் மக்களைச் சேர்ந்த ஒரு பெண்மணியும் வந்தார். நண்பகலுக்கு முன் கப்பல் ஒரு பனியாற்றின் முன் நின்றது. நீருக்குமேல் ஏறத்தாழ 75 மீட்டர் உயரம். ஒரு மைல் அகலம். நீலம் கலந்த வெண்மை. யாம் படக்கருவியைத் திருத்திக்கொண்டிருந்த வேளையில் இடி போன்ற ஓசையுடன் ஒரு பெரும்பகுதி கடலில் சரிந்தது. நிமிர்ந்து பார்க்கையில் நீர்த்திவலை மட்டுமே எஞ்சியிருந்தது. செபமாலையும் கையுமாக நாற்காலியில் சும்மா அமர்ந்திருந்த எம் தங்கை முழுவதையும் பார்த்துவிட்டாள். இன்றளவும் அதைச் சொல்லி எம்மைக் கேலி செய்கிறாள்.

அப்பெண்மணி மேல்தளத்தில் நின்று தம் மக்களின் வரலாற்றைச் சொன்னார். இன்று கடலாக உள்ள இவ்விடம் அவர்கள் முன்னோர் வாழ்ந்த பள்ளத்தாக்கு; மீன் பிடித்து, வீடு கட்டி, தலைமுறை தலைமுறையாக இருந்த இடம். சில நூற்றாண்டுகளுக்கு முன் பனியாறு விரைந்து முன்னேறி வந்தது. நாய் ஓடும் வேகத்தில் வந்தது என்பது அவர்கள் வழக்கு. ஊர் முழுவதும் படகேறியபோது, வீட்டை வெறுமையாக விட்டுச் செல்லலாகாது என்று ஒருத்தி உள்ளேயே தங்கிவிட்டாள். இளம்பெண் ஒருத்தி தானே தங்கினாள் என்றும், அவளுக்குப் பதிலாக அவள் பாட்டி தங்கினாள் என்றும் இருவிதமாகச் சொல்வர். 1794 இல் ஆங்கிலேயக் கடற்படையினர் வந்தபோது அங்கு விரிகுடா இல்லை. பனிச் சுவரே இருந்தது. 1916 ஆம் ஆண்டுக்குள் அது ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. பனி விலக விலக மக்கள் மீன்பிடிக்கவும் கனி பறிக்கவும் திரும்பி வந்தனர். ஆனால் 1925 இல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தது. ஆளில்லாக் காடு என்று கருதிக் காக்கத் தொடங்கியவர்கள், ஆண்டுகள் செல்லச் செல்ல, வீட்டுக்காரரின் வேட்டையையும் தடுத்தனர். கடற்காக்கை முட்டை எடுப்பதையும் தடுத்தனர்.

அந்த முட்டை எடுக்கும் முறையைத்தான் அவர் விரிவாகச் சொன்னார். ஆண்டுதோறும் குடும்பம் குடும்பமாகத் தீவுக்குச் செல்வராம். ஒன்றோ இரண்டோ முட்டையுள்ள கூட்டிலிருந்தே எடுப்பராம். பறவை மீண்டும் இட்டுவிடும். மூன்று நிறைந்துவிட்டால் அடைகாக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள், அதைத் தொடமாட்டார்கள். மருமகன் இதை மொழிபெயர்த்ததும் எம் தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நம்ம அம்மாவும் கூடையிலே ஒரு முட்டையை விட்டுவிட்டுத்தானே எடுப்பாள், அண்ணா? அப்போதுதான் கோழி அங்கேயே வந்து இடும் என்பாளே!" என்றாள். இதை அப்பெண்மணியிடம் சொல்ல வேண்டும் என்றும் வற்புறுத்தினாள். சொன்னோம். அவர் சிரித்து, எம் தங்கையின் கையைப் பற்றிக்கொண்டார். முட்டை எடுக்கும் உரிமையை 2014 இல் ஒரு தனிச் சட்டத்தால் அரசு மீண்டும் வழங்கியது. 2016 ஆகஸ்டில், ஹூனா ஊரிலிருந்து படகு வலித்து வந்து, அவ்விரிகுடாவின் கரையில் தங்கள் குலத்துக்கான பெரிய மர வீட்டையும் அவர்கள் திறந்து வைத்தனர். "இப்போது எங்களுக்கும் இங்கு ஒரு கதவு இருக்கிறது" என்றார் அவர்.

அன்றிரவு பதினொரு மணிக்கு, உரிய அனுமதி பெற்று, கப்பலின் அடித்தளத்தில் பணியாளர்களுக்குத் திருப்பலி நிறைவேற்றினோம். பிலிப்பைன்ஸ் நாட்டவரும் கோவாக்காரருமாக ஒன்பது பேர் வந்தனர். திருப்பலி முடிந்தபின், பாத்திரம் கழுவும் இளைஞன் ஒருவனிடம், "பனியாறு எப்படி?" என்று அறியாமல் கேட்டுவிட்டோம். "மூன்று கோடைகளாக இவ்வழியே வருகிறேன், சாமி. இன்னும் பார்த்ததில்லை. கப்பல் அங்கே நிற்கும் நேரம் எங்களுக்குப் பகலுணவு வேலை" என்றான். முகத்தில் வருத்தம் இல்லை. உண்மையைச் சொன்னான், அவ்வளவே. யாம் எடுத்திருந்த படங்களைக் காட்டினோம். பனி சரிந்ததற்குப் பின் எடுத்த படங்கள்! மறுநாள் முதல் உணவுத் தட்டில் மீதம் வைக்க எம்மால் இயலவில்லை.

விட்டியர் துறையில் இறங்கி இரயிலேறினோம். மலையைக் குடைந்த நான்கு கிலோமீட்டர்ச் சுரங்கத்தைக் கடந்து வெளியே வந்ததும், போர்டேஜ் என்னுமிடத்தில் நூற்றுக்கணக்கான மரங்கள் இலையின்றி, கிளையின்றி, சாம்பல் நிறத்தில் நின்றன. 1964 மார்ச் 27, பெரிய வெள்ளிக்கிழமை மாலை, 9.2 அளவில் நிலநடுக்கம் நிகழ்ந்தபோது அங்கு நிலம் ஆறடிக்குமேல் தாழ்ந்தது. கடல்நீர் புகுந்து மரங்களின் வேரைக் கொன்றது. உப்பு ஊறியதால் அவை மட்கவும் இல்லை. கப்பல் வந்த அக்கடற்பகுதியிலிருந்த செனீகா என்னும் சிற்றூரில் மூன்றிலொரு பங்கு மக்களை அன்று அலை கொண்டு சென்றது. நாம் உறங்கிக்கொண்டே அந்நீரைக் கடந்திருந்தோம்.

டால்கீட்னா என்ற ஊரில் இரண்டு இரவு தங்கினோம். இரவு என்பது பேச்சுக்குத்தான்; பத்தரை மணிக்கும் விளக்கின்றிக் கட்டளைச் செபம் சொல்லலாம். அங்கிருந்து ஹரிக்கேன் வரை ஒரு சிறு இரயில் போய்த் திரும்புகிறது. வழியில் சாலை எட்டாத காட்டுக்குள் சிலர் வீடு கட்டி வாழ்கின்றனர். அவர்கள் தண்டவாளத்தருகே நின்று துணியை வீசினால் இரயில் நிற்கும். மாவு மூட்டையும் நாயுமாக ஏறியிருந்த ஒரு மூதாட்டி நிலையமே இல்லாத ஓரிடத்தில் இறங்கினார். இரயிற் பணியாளர் மூட்டையை இறக்கிக் கொடுத்தார். "தனியாகவா இருக்கிறாள்?" என்று எம் தங்கை கவலையோடு கேட்டாள். கிழவி திரும்பிப் பாராமல், நாய் முன்னே ஓட, காட்டுக்குள் போய்விட்டார்.

வட அமெரிக்காவின் மிக உயர்ந்த மலை அப்பக்கத்தில்தான் இருக்கிறது, 6,190 மீட்டர். பழங்குடியினர் அதை டெனாலி என்பர். 2015 இல் அரசும் அப்பெயரை ஏற்றது. 2025 இல் மீண்டும் மக்கின்லி என்று மாற்றிவிட்டது. எப்பெயரிட்டு அழைத்தும் எமக்கு அது காட்சி தரவில்லை. இரண்டு நாளும் மேகம். வருவோரில் மூவருள் ஒருவருக்கே தெரியுமாம். மருமகன் முகம் வாடி, "இவ்வளவு தூரம் அழைத்து வந்தும் காட்ட முடியவில்லையே, மாமா" என்றான்.

எம் தங்கை சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "வீட்டுக்காரர் வெளியே போயிருக்கிறார் போலும்" என்றாள். மறுநாள் காலை இரயிலுக்குச் சீட்டு எடுத்திருந்தபடியால், பெட்டிகளைக் கட்டத் தொடங்கினோம்.