சலுகை அவர்களுக்கு! சிகிச்சைச் செலவு நமக்கா?

உழைக்கும் தமிழ்ப் பெருமக்களே!

மார்ச் மாதம் வந்துவிட்டால் போதும். "மருத்துவக் காப்பீடு எடுங்கள், வருமான வரியைக் குறையுங்கள்" என்று விளம்பரக் கூச்சல் காதைத் துளைக்கிறது. யாருடைய வரியை? பீனியாவில் லேத் ஓட்டும் தோழருக்கும், கார்மெண்ட்ஸில் தையல் மெஷின்முன் குனிந்திருக்கும் சகோதரிக்கும் வரி கட்டும் அளவுக்கா சம்பளம் வருகிறது?

கணக்கைப் பாருங்கள். பழைய வரிமுறையில், குடும்பத்துக்குக் கட்டும் பிரீமியத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழிக்கலாம். 60 வயது கடந்த பெற்றோருக்குக் கட்டினால் மேலும் 50,000 வரை. 25,000 ரூபாய் பிரீமியத்தில், 30 சதவீத வரி கட்டும் அதிகாரிக்கு 7,500 ரூபாய் மிச்சம். 20 சதவீதக்காரருக்கு 5,000. வரி கட்டும் வருமானமே இல்லாத நமக்குச் சல்லிக்காசு கிடையாது! ரொக்கமாகக் கட்டிய பிரீமியத்துக்கும் கழிவு இல்லை. புதிய வரிமுறையில் இந்தக் கழிவே இல்லை.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் பிரீமியமே கட்ட வழியில்லாதவர் வீட்டில் அதனால் அடுப்பு எரியுமா?

நம்மைக் காப்பது இ.எஸ்.ஐ. ஒன்றே. 2019 ஜூலையில் வகுத்த விகிதப்படி, 20,000 ரூபாய் சம்பளத்தில் நம் பங்கு 150 ரூபாய், முதலாளி பங்கு 650. இந்த 800 ரூபாயில் குடும்பம் முழுவதற்கும் சிகிச்சை. ஊர் கூடித் தேர் இழுப்பது என்பது இதுதான்!

இதிலும் ஒரு சுவர். 2017 ஜனவரியில் சம்பள வரம்பை 15,000-லிருந்து 21,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அன்றைய வாடகைக்கு இன்று பெங்களூரில் வீடு கிடைக்குமா? போராடிப் பெற்ற 500 ரூபாய் உயர்வு வரம்பைத் தாண்டினால் இ.எஸ்.ஐ. போகிறது, வரிச்சலுகையும் வருவதில்லை. கூலி உயர்வே தண்டனையா? வீட்டு வேலை செய்யும் நம் தாய்மார்களோ இந்தச் சுவருக்கு அருகில்கூட வர முடிவதில்லை.

ஆகவே கோருகிறோம்: விலைவாசிக்கேற்ப இ.எஸ்.ஐ. வரம்பை ஆண்டுதோறும் உயர்த்து! வீட்டு வேலைத் தொழிலாளரையும் சேர்த்துக்கொள்! ரேஷன் கார்டு எந்த மாநிலத்தது என்று பாராமல் சிகிச்சை கொடு!

தோழர்களே, இன்றே சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தும் எண் தரவில்லையென்றால் சங்கத்துக்கு வாருங்கள். தனியாகக் கேட்டால் மனு. சேர்ந்து கேட்டால் உரிமை!