உடலை அறிவோம்: களைப்புக்கும் காரணம் உண்டு



நமது உடல் கோடானுகோடி கலங்களால் ஆனது. இம்மாதம் அவற்றுள் ஒரு வகையை மட்டும் பார்ப்போம். அது செங்குருதிக் கலம்.

நான் சுகாதார வகுப்புகளுக்குப் போகும் கிராமங்களில் பெண்கள் அடிக்கடி சொல்வது இதுதான்: "கொஞ்சம் வேலை செய்தாலே இளைக்குது, தலை சுத்துது." முப்பது வயதுப் பெண்ணும் இதையே சொல்கிறார். குடும்பத்தைத் தனியே சுமக்கும் பலர் இதைக் கவலையால் வந்தது என்றே எண்ணி விடுகிறார்கள். கவலையும் களைப்பைத் தரும். ஆனால் குருதியையும் ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும்.

செங்குருதிக் கலம் நடுவில் குழிந்த சிறு தட்டுப் போன்றது. என்பு மச்சையில் ஒவ்வொரு செக்கனிலும் சுமார் 20 இலட்சம் கலங்கள் உருவாகின்றன. இவற்றுக்குள் இருக்கும் ஈமோகுளோபின்தான் நுரையீரலில் ஒட்சிசனை ஏற்றிச் சென்று உடலின் மற்றக் கலங்களுக்குக் கொடுக்கிறது. ஈமோகுளோபின் உருவாக இரும்புச்சத்து வேண்டும்.

சுமார் 120 நாட்களில் இக்கலம் அழிகிறது. அதிலுள்ள இரும்பை உடல் வீணாக்காமல் மீண்டும் பயன்படுத்துகிறது. ஆனால் மாதவிடாயிலும் பிள்ளைப்பேற்றிலும் குருதியோடு வெளியேறும் இரும்பு திரும்பி வராது. அதை உணவால்தான் ஈடு செய்ய வேண்டும். பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு மிஞ்சியதை உண்ணும் தாய்க்கு அது போதாமல் போகிறது. இப்படித்தான் பலருக்குக் குருதிச்சோகை வருகிறது.

மீன், நெத்தலி, ஈரல், கௌப்பி, பயறு, பருப்பு, கீரை வகைகளில் இரும்புச்சத்து உண்டு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் இலகுவில் உறிஞ்சாது. தேசிக்காய்ப்புளி, கொய்யாப்பழம் போன்றவற்றிலுள்ள விற்றமின் சி அதற்கு உதவும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது குறையும். ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடியுங்கள். கொழுக்கிப்புழுவும் குடலில் இருந்து குருதியை உறிஞ்சும். ஆகவே தோட்டத்துக்குச் செருப்புடன் செல்லுங்கள்.

கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ஈமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது குருதிச்சோகை. தலசீமியா போன்ற வேறு காரணங்களாலும் இது வரலாம். எனவே நீங்களாக மாத்திரை வாங்காமல், வைத்தியசாலையில் குருதியைச் சோதித்துக் காரணத்தை அறியுங்கள். மாதவிடாய் அதிகமாகப் போனால் அதையும் கூச்சப்படாமல் மருத்துவமாதிடம் கூறுங்கள்.

களைப்பு சோம்பல் அல்ல, தலைவிதியும் அல்ல. இன்றிரவு மீன் துண்டில் ஒன்றை உங்கள் கோப்பையிலும் போட்டுக் கொள்ளுங்கள்.